பத்தாவது முடித்த பிள்ளைக்கு வெளிநாட்டுப் பள்ளி: கனடாவா, பிரிட்டனா, அமெரிக்காவா, சிங்கப்பூரா?

வான்கூவரில் படிக்கும் பையன் பள்ளி விட்டு வந்து மாலை நாலு மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டால், கோவையில் அப்போது விடியற்காலை நாலரை. டொராண்டோ என்றால் நள்ளிரவு ஒன்றரை. லண்டன் என்றால் இரவு எட்டரை, சாப்பிட்டுக்கொண்டே பேசலாம். சிங்கப்பூர் என்றால் மதியம் ஒன்றரை. இது கோடைக் கணக்கு. குளிர்காலத்தில் டொராண்டோவும் லண்டனும் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதால் அந்த ஊர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஏஜென்ட்டுகள் தரும் ஒப்பீட்டு அட்டவணையில் இந்த வரி இருக்காது. ஃபீஸ், விசா, பல்கலைக்கழக வாய்ப்பு என்று மூன்று கட்டம் போட்டு முடித்துவிடுவார்கள்.

பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கு அந்த மூன்று கட்டம் போதும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்குப் போதாது. காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, பள்ளிக்கு மட்டம் போட்டால் யார் கேட்பது, ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பவில்லை என்றால் யார் தேடுவது என்பவைதான் முதல் கேள்விகள். அதனால் நான் முதலில் பொறுப்பாளைப் பார்க்கிறேன், அடுத்து திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன், பணம் அதற்கப்புறம். பணம் சின்ன விஷயம் என்பதால் இல்லை, முதல் இரண்டிலேயே பாதி யோசனைகள் அடிபட்டுவிடும் என்பதால்.

கனடா

இப்போது அதிகம் பேர் விசாரிப்பது கனடாதான். அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் வாரியங்களே வெளிநாட்டு மாணவர்களைக் கட்டணம் வாங்கிச் சேர்த்துக்கொள்கின்றன. ஆண்டுக்கு 14,000 முதல் 18,000 கனடா டாலர் வரை பள்ளிக் கட்டணம். 2024-ல் கல்லூரி மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்து, மாகாண அரசின் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்ற விதி வந்தபோதும், பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். கல்லூரிக் கதவு ஒடுங்கியதும் பள்ளிக் கதவைக் காட்டி விற்கத் தொடங்கியவர்கள் உண்டு.

பொறுப்பாள் விஷயத்துக்கு வருவோம். 17 வயதுக்குக் கீழே இருந்து, பெற்றோர் கூட வரவில்லை என்றால், கனடாவில் ஒரு கஸ்டோடியன், அதாவது பெற்றோர் இடத்தில் பொறுப்பேற்பவர், இருந்தே ஆகவேண்டும். அவர் கனடா குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ, அதோடு 19 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கப் படிவம். ஒரு பக்கத்தில் அவர் அங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுவார், இன்னொரு பக்கத்தில் அம்மா, அப்பா இங்கே நோட்டரி முன்னால் போட வேண்டும். 17 ஆகிவிட்டால் கேட்பதும் விடுவதும் விசா அதிகாரியின் விருப்பம்.

படிவத்தைப் பார்த்தால் பலமான ஏற்பாடு மாதிரித்தான் தெரியும். ஆனால் கஸ்டோடியன் பிள்ளையுடன் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. வருடத்துக்குச் சில நூறு டாலர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் கம்பெனிகள் இருக்கின்றன. பிள்ளை தூங்குவது ஹோம்ஸ்டேயில், அதாவது காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில், சட்டப்படி பொறுப்பு வேறொருவரிடம், பள்ளி ஆலோசகர் மூன்றாவது ஆள். மூன்று பேர் இருந்தும் முதலில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் போகும். வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சில வாரியங்கள் ஹோம்ஸ்டேயையும் கஸ்டோடியன் பொறுப்பையும் தாங்களே சேர்த்து எடுத்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் கனடாவில் உறவினர் இல்லாதவர்கள் அப்படிப்பட்ட வாரியத்தைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம்.

ஹோம்ஸ்டே மாதம் 1,000 முதல் 1,500 டாலர். சாப்பாடு சேர்த்துத்தான். ஆனால் சாப்பாடு என்றால் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவு உணவு பெரும்பாலும் ஐந்தரை, ஆறு மணிக்கே முடிந்துவிடும். காலையில் கிண்ணத்தில் பாலும் சீரியலும். மதியத்துக்குப் பிள்ளையே பிரெட்டை எடுத்து சாண்ட்விச் கட்டிக்கொண்டு போகவேண்டும். விண்ணப்பத்தில் வெஜிடேரியன் என்று டிக் அடித்தால் சீஸ் போட்ட பாஸ்தா வாரத்தில் நாலு நாள் வரும், முட்டையைச் சைவம் என்று எண்ணிப் போட்டுவிடுவார்கள். இதெல்லாம் கொடுமை இல்லை, அவர்கள் வீட்டுப் பழக்கம். ரசம் இல்லாமல் இரண்டு நாள் தாங்காத பிள்ளைக்கு நவம்பரில், நாலரைக்கே இருட்டிவிடும் ஊரில், இது வேறு மாதிரி பாரமாக இறங்கும்.

படிப்பு முறை நம் பிள்ளைகளுக்கு ஆறுதலாகவும் இருக்கலாம், பொறியாகவும் இருக்கலாம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் நம் பிளஸ் டூ மாதிரி பொதுத்தேர்வு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத மார்க் வருடம் முழுக்கச் செய்த வேலைக்கு, 30 சதவீதம் கடைசி மதிப்பீட்டுக்கு. டிப்ளமோ, அதாவது பள்ளி முடித்த சான்றிதழ், வாங்க 30 கிரெடிட் (தேறிய ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைப்பது), ஒரு எழுத்தறிவுத் தேர்வு, 40 மணி நேரச் சமூக சேவை. இங்கே முடித்த வகுப்புகளுக்குத் தக்கபடி கிரெடிட்டில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். இன்ஜினியரிங் நினைப்பவர்கள் பன்னிரண்டாவதில் ஆங்கிலம், அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், கால்குலஸ் அண்ட் வெக்டர்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று எடுப்பார்கள். கணக்கு நம் பையன்களுக்குச் சுலபமாக இருக்கும். மாட்டிக்கொள்வது ஆங்கிலப் பாடத்தில், அதுவும் நாவலைப் படித்து அதில் தன் கருத்தை நிறுவி எழுதும் கட்டுரையில். கடைசி மாதத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்து தூக்கிவிடலாம் என்ற நம் வித்தை அங்கே செல்லாது. செப்டம்பரிலேயே வேலை செய்யாதவனை ஜூனில் யாரும் காப்பாற்ற முடியாது.

டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ சித்தி, மாமா இருக்கும் யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கே வேறு. சாப்பாடு, பொறுப்பு, தமிழ் எல்லாம் ஒரே வீட்டில் கிடைத்துவிடும். ஆனால் அந்த வீட்டாருக்கும் இரண்டு வேலை, வீட்டுக் கடன், தங்கள் பிள்ளைகள் என்று இருக்கும். மாதம் இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிடுங்கள். சொந்தத்தில் காசு பேசக் கூச்சப்பட்டு, இரண்டாம் வருடம் பேச்சுவார்த்தையே நின்றுபோன குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

ஏஜென்ட்டுகள் விற்கும் ஒரு கனவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கேயே ஹைஸ்கூல் முடித்தால் கல்லூரிக் கட்டணம் குறையும், நிரந்தர வசிப்புரிமை சீக்கிரம் வரும் என்பார்கள். இரண்டும் கிடையாது. பன்னிரண்டாவதை முடித்த அன்றும் அவன் வெளிநாட்டு மாணவன்தான். கல்லூரிக்கு வெளிநாட்டுக் கட்டணம், மறுபடி படிப்பு அனுமதிக்கு விண்ணப்பம். படித்து முடித்தபின் தரும் வேலை அனுமதிக்குப் பள்ளிப் படிப்பு கணக்கில் வராது. பள்ளியில் படிக்கும்போது வெளியே பகுதி நேர வேலைக்கும் போக முடியாது. உண்மையில் கிடைப்பது, ஊர் பழகுவதும் பேச்சு ஆங்கிலம் சரளமாவதும். அதற்கு மதிப்பு உண்டு, அந்த விலைக்கு வேண்டுமா என்பது உங்கள் கணக்கு.

பிரிட்டன்

பிரிட்டனில் கதை தலைகீழ். அரசுப் பள்ளிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விசா ஸ்பான்சர் செய்ய முடியாது. 4 முதல் 17 வயது வரைக்கான விசாவில் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிதான். போர்டிங் என்றால் ஆண்டுக்கு 40,000 முதல் 60,000 பவுண்டு வரை சாதாரணமாகப் போகிறது. 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரியும் சேர்ந்துகொண்டது.

விலையைத் தள்ளிவைத்துப் பார்த்தால், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ் பேரன்ட் அதே கட்டடத்தில் குடியிருக்கிறார். போர்டிங் பள்ளிகளுக்குக் குறைந்தபட்சத் தரம் என்று அரசு விதி இருக்கிறது, அதை வைத்து ஆய்வுக்கு வருகிறார்கள். மாலை படிப்பு நேரம், மருத்துவ அறை, வாரக் கடைசி நிகழ்ச்சி எல்லாம் ஒரே கூரைக்குள். ஓட்டை எங்கே என்றால் விடுமுறையில். ஒவ்வொரு டேர்மின் நடுவிலும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஹாஃப்-டேர்ம் வரும், ஹாஸ்டலைப் பூட்டிவிடுவார்கள். ஒரு வாரத்துக்காகத் திருச்சிக்கு வந்துபோக முடியுமா? அதற்காகத்தான் பள்ளிகள் பிரிட்டனில் ஒரு கார்டியனைக் கேட்கின்றன. கார்டியன் நிறுவனங்களைச் சோதித்து அங்கீகாரம் தரும் ஏஜிஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத நிறுவனத்தை எடுக்காதீர்கள்.

சித்தப்பா லண்டனில் இருக்கிறாரே, அவர் வீட்டில் தங்கி டே ஸ்காலராகப் படிக்கட்டும் என்று சிலர் நினைப்பார்கள். முடியும், ஆனால் அப்பாவின் கூடப்பிறந்த தம்பியாக இருந்தால்தான் சுலபம். நம் முறையில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியும் சித்தப்பாதான். பிரிட்டன் சட்டத்துக்கு அவர் வெளியாள். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை அப்படிப்பட்டவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் உள்ளூர் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அவர்கள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது.

பிரிட்டனில் நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ இடத்தில் இருக்கும் ஏ லெவலில் பெரும்பாலும் மூன்றே பாடம். என்ன ஆகவேண்டும் என்று பதினாறு வயதிலேயே தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல முறை இல்லை. கணக்கும் பிடிக்கும், பயாலஜியும் விட மனமில்லை, எக்கனாமிக்ஸும் பார்க்கலாமா என்று தடுமாறும் பிள்ளைக்கு ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டம் நல்லது. அதில் ஆறு பாடம்.

அமெரிக்கா, சிங்கப்பூர்

அமெரிக்காவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1996-ல் வந்த சட்டப்படி எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அரசு ஹைஸ்கூலில் அதிகபட்சம் 12 மாதம்தான் படிக்கலாம், அதற்கும் மானியம் இல்லாத முழுச் செலவைக் கட்ட வேண்டும். ஆக, இரண்டு வருடம் படித்து டிப்ளமோ வாங்க வேண்டும் என்றால் தனியார் பள்ளி. பெயர்பெற்ற போர்டிங் பள்ளிகளில் ஆண்டுக்கு 65,000 டாலரைத் தாண்டிவிடும். சின்ன ஊர்களில் இதைவிட மலிவான பள்ளிகள் உண்டு. தங்குவது மறுபடி ஹோம்ஸ்டேதான், கனடாவில் சொன்ன கேள்விகள் எல்லாம் இங்கேயும் பொருந்தும்.

இன்னொன்று ஜே-1 பரிமாற்றத் திட்டம். 15 முதல் பதினெட்டரை வயது வரை, ஒரு வருடம். பிள்ளையை வைத்துக்கொள்ளும் குடும்பம் காசு வாங்காது, அவர்களாக விரும்பி அழைப்பவர்கள். எந்த ஊர் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. நெப்ராஸ்காவில் ஒரு பண்ணை வீடாகவும் இருக்கலாம். கையில் டிப்ளமோ வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. திரும்பி வந்தால் சிபிஎஸ்இ மாதிரி போர்டுகளில் நேரடியாகப் பன்னிரண்டாவதில் நுழைவது கஷ்டம், ஒரு வருடம் பின்தங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வருடத்தைக் கொடுக்க மனம் இருந்தால், இந்தப் பட்டியலில் செலவுக்கு அதிகம் கிடைப்பது இதில்தான் என்பது என் எண்ணம். வீட்டில் பெரும்பாலோர் சம்மதிக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

சிங்கப்பூரைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் தாமதமாக வருகிறார்கள். அரசுப் பள்ளியில் சேர எய்ஸ் என்ற நுழைவுத் தேர்வு, ஆங்கிலமும் கணக்கும். உயர்நிலையில் அது செகண்டரி மூன்று, அதாவது நம் ஒன்பதாவது, வரைக்கும்தான். பத்தாவது முடித்தவன் அங்கே போனால் ஒரு வருடமாவது கீழே உட்கார வேண்டி வரும். எனவே இது எட்டாவதில் எடுக்க வேண்டிய முடிவு. தேர்வில் தேறினாலும் இடம் காலியாக இருந்தால்தான், எந்தப் பள்ளி என்று நீங்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

ஆனால் இந்த வயதுப் பிள்ளைக்கு மற்ற மூன்று நாடுகளும் எளிதில் தராத ஒன்றைச் சிங்கப்பூர் தருகிறது. மாணவர் பாஸில் படிக்கும் பிள்ளையுடன் தங்க அம்மாவோ பாட்டியோ நீண்டகால அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு இது கிடையாது. தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகவே தமிழ் எடுக்கலாம். சென்னையிலிருந்து நாலு மணி நேர விமானம். பொறுப்பாள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் அம்மா வேலையை விட வேண்டும், முதல் வருடம் அங்கே வேலைக்குப் போக முடியாது, அப்பா இங்கே தனிக்குடித்தனம். பள்ளிக் கட்டணம் பிரிட்டன், அமெரிக்கத் தனியார் பள்ளிகளை ஒப்பிட்டால் குறைவுதான். வீட்டு வாடகை சேர்ந்ததும் மொத்தச் செலவு கனடாவை மிஞ்சும். ஆண் பிள்ளை பின்னாளில் அங்கே நிரந்தரவாசம் வாங்கினால் ராணுவச் சேவை கட்டாயம் ஆகலாம் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

திரும்பி வரும் வழி

இதைப் போகும்போது யாரும் பேசுவதில்லை, அபசகுனம் மாதிரி. ஆனால் முதல் குளிர்காலத்திலேயே திரும்பி வருகிற பிள்ளைகள் உண்டு. பன்னிரண்டாவதை அங்கே முடித்துவிட்டு, கல்லூரி இங்கேயே படிக்கிறேன் என்பவர்களும் உண்டு.

வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழுடன் இங்கே கல்லூரி சேர, இந்தியப் பல்கலைக்கழகச் சங்கத்திடம் சமநிலைச் சான்று வாங்க வேண்டும். ஐபி, ஏ லெவல், கனடா டிப்ளமோ எல்லாவற்றுக்கும் வழி உண்டு, பாடத் தேர்வு சரியாக இருக்க வேண்டும். பிசிக்ஸ் எடுக்காத பையன் இங்கே இன்ஜினியரிங் பற்றி நினைக்க முடியாது. தமிழ்நாடு இன்ஜினியரிங் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை இங்கே படித்திருந்தால் இருப்பிடச் சான்று தேவையில்லை. வெளியே படித்திருந்தால் வாங்கியாக வேண்டும். மருத்துவத்துக்கு 6 முதல் 12 வரை எங்கே படித்தான் என்று பார்ப்பார்கள்.

நீட் நினைப்பு கொஞ்சமேனும் இருந்தால் அனுப்பாதீர்கள். விதி தடுக்கவில்லை. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஆங்கிலம் எடுத்திருந்தால் எழுதலாம். ஆனால் என்சிஇஆர்டி புத்தகத்தை வரிவரியாகப் படித்து, இரண்டு வருடம் கோச்சிங்கில் உட்கார்ந்தவர்களோடு போட்டி. ஒன்டாரியோவில் சமூக சேவைக்கு மணிக்கணக்கு எழுதிக்கொண்டிருந்த பிள்ளை அந்தப் போட்டியில் எங்கே நிற்கும்?

பணம்

கனடா அரசுப் பள்ளி, ஹோம்ஸ்டே, விமானம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயை ஒட்டி வரும். பிரிட்டன் போர்டிங் அதற்கு இரண்டரை மடங்குக்குக் குறையாது. அமெரிக்கத் தனியார் போர்டிங்கும் அதே அளவில்தான்.

பலர் கவனிக்காதது, பள்ளிப் படிப்புக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது என்பது. நம் வங்கிகளின் கல்விக் கடன் திட்டங்கள் பிளஸ் டூவுக்குப் பிந்தைய படிப்பை வைத்துத்தான். கடன் வட்டிக்குத் தரும் வருமான வரிச்சலுகையும் அப்படியே. ஆகவே கனடாவில் இரண்டு வருடத்துக்கு ஆகும் 40 லட்சம் சேமிப்பிலிருந்து போகும். அது தீர்ந்த இடத்தில்தான் நாலு வருடக் கல்லூரி, வெளிநாட்டுக் கட்டணத்தில், தொடங்கும். ஆறு வருடத்துக்கும் பணம் இல்லை என்றால் முதல் இரண்டு வருடத்தைத் தொடாதீர்கள். அந்த 40 லட்சம் பட்டப்படிப்புக்கு அதிகம் உதவும்.

சரி, இங்கேயே இருந்தால்? சென்னை, கோவை, பெங்களூருவில் ஐபி, கேம்பிரிட்ஜ் ஏ லெவல் பள்ளிகள் இருக்கின்றன. அதே சான்றிதழ், அதே பல்கலைக்கழகங்கள். 1901-ல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி இந்தியாவில் முதன்முதலில் ஐபியைக் கொண்டுவந்தது, 1976-ல். ஹாஸ்டல் வாழ்க்கை பிள்ளைக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும் என்றால் அங்கே பாருங்கள், ஒத்துவராவிட்டால் ராத்திரி பஸ் ஏறிக் காலையில் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். 1962-ல் வேல்ஸில் தொடங்கிய யுனைடெட் வேர்ல்டு காலேஜ் குழுமத்தையும் மறக்க வேண்டாம். 16 வயதை ஒட்டியவர்களுக்கு இரண்டு வருட ஐபி, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை, தேர்வு செய்வது இந்தியாவிலுள்ள குழு. புனே பக்கத்திலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. போட்டி கடுமை, ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை வெளிநாட்டில் ஹைஸ்கூல் படிக்கச் செலவை நினைத்துப் பயப்படாத ஒரே வழி என்று எனக்குத் தெரிந்தவரை இதைத்தான் சொல்வேன்.

கடைசியில் என் தீர்ப்பைக் கேட்டால்: உங்கள் உடன்பிறந்த அண்ணனோ அக்காவோ கனடாவில் இருந்து, அவர்களே முன்வந்து அழைத்தால் கனடா. பிள்ளை இப்போது ஏழாவது, எட்டாவது, அம்மா மனப்பூர்வமாகத் தயார் என்றால் சிங்கப்பூர். பணம் ஒரு பிரச்சனையே இல்லை என்றால் பிரிட்டன். இவற்றில் எதுவும் பொருந்தாத பெரும்பாலான வீடுகளில், இரண்டு வருடம் பொறுத்துப் பிளஸ் டூ முடித்து அனுப்புவதுதான் சரி. மாமன் மகன் போனான் என்பதற்காகப் போகும் பிள்ளையை எந்த நாட்டுக்கும் அனுப்ப வேண்டாம்.

முடிவு செய்துவிட்டவர்கள் முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிறு வயதில் எடுத்தது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். கனடாவின் படிப்பு அனுமதியை பாஸ்போர்ட் காலாவதித் தேதியைத் தாண்டித் தர மாட்டார்கள். 15 வயது நிரம்பியிருந்தால் பத்து வருட பாஸ்போர்ட்டே கேட்டு வாங்கலாம். அதை வாங்கிய பிறகு விசா விண்ணப்பத்துக்குப் போங்கள்.